இடது பக்கப் படம் உன்னுடையது

என்னோடு ஒரே வயிற்றில் இடம் பங்கிட்டுக் கிடந்த சுடருக்கு,

நீ இருந்த காலத்தில் நாம் ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. போனை எடுத்தால் பேச்சு, எடுக்காவிட்டால் திட்டு. இப்போது எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், நான் சொல்வது உன்னிடம்தான். முந்தாநாள் திருச்சி ஆஸ்பத்திரியில் நடந்ததை முழுசாக அறிந்தவள் இந்த நிமிடம் வரை நான் ஒருத்திதான். அதை உள்ளே வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் உன் வேலைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அதைத்தானே நீ முதலில் கேட்பாய்? இந்தப் பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது, அதோடு சரிக்குச் சரியாகப் பிறந்த எதிர்ப்பொருள் எங்கே போனது என்று வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தாயே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் ஒரு படி ஏறியிருக்கிறார்கள். நம் உடம்பெல்லாம் நிறைந்திருக்கிற புரோட்டானுக்கு உறவான துகள் ஒன்றை எடுத்து, அதுவும் அதன் எதிர்த்துகளும் சிதைவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி சிதையவில்லையாம். போனில் இதைப் படித்ததும் என் விரல் தானாக உன் நம்பரைத் தேடியது. அந்த வித்தியாசம் போதாது என்றும் அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. இத்தனை பெரிய உலகம் மிஞ்சி நிற்பதற்கு அந்தச் சின்ன ஓரவஞ்சனை காணாதாம்.

இங்கே செய்தி நன்றாக இல்லை. பாடாலூரில் எங்கள் வெங்காய மண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த வருடம் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய். தாள் பச்சையாக நிற்கும்போதே முறுக்கிக்கொண்டு மண்ணில் படுத்துவிடுகிறது. பூலாம்பாடிப் பக்கம் சிலர் வயலை அப்படியே பயிரோடு உழுதுவிட்டார்கள். தப்பியதை வாங்கிப் பட்டறை போட்டிருக்கிறோம். குச்சி நட்டு, அடியில் காற்றுக்கு இடம் விட்டு, வெங்காயத்தைக் கொட்டி, மேலே சோளத்தட்டை போட்டு மூடுவோமே, அதுதான். வாரத்துக்கு ஒரு தடவை நடுவில் கையை விட்டுப் பார்ப்பேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் எங்கேயோ அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளியே ஒன்றும் தெரியாது.

ஆவணியில் ஒரு நாள் அப்படிக் கையை விட்டேன். வெங்காயம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. என் கைதான் சுட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் ஒன்றுமில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போனது. என் வீட்டுக்காரர் மண்டி அலைச்சல் என்றார், நானும் ஆமாம் போட்டேன். ஒரு நாள் தலை துவட்டும்போது இடது காதுக்குக் கீழே, கழுத்தில், பட்டாணி அளவுக்கு ஒன்று விரலில் உருண்டது. உனக்கும் முதலில் அங்கேதானே வந்தது? “கொசு கடிச்சிருக்கும், விடுடி,” என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினாயே, அதே இடம்.

பெரம்பலூரில் டாக்டரிடம் உனக்கு வந்த புற்றுநோயைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ரெட்டைப் பிள்ளைங்களா? ஒரே மாதிரி ரெட்டையா?”

“ஆளு மாத்தி மணவறையில உக்காந்தாலும் தெரியாதுங்க சார்.”

அவர் சிரிக்கவில்லை. திருச்சிக்குப் போய் உடம்பு முழுவதும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எந்த ஸ்கேன் என்று நான் கேட்கவில்லை. உனக்கு எடுத்ததுதான்.

அம்மா இன்னும் அரியலூர்ப் பக்கம் நம் வீட்டில்தான் இருக்கிறாள். என்னோடு வந்துவிடு என்றால் கேட்பதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மத்தியானம் சங்கு ஊதுகிறது, பிறகு வெடி, ஜன்னலெல்லாம் அதிர்கிறது. நீ கடைசியாகப் படுத்திருந்த அறைச் சுவரில் விரிசல் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. சின்ன வயதில் நம்மில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா இருவருக்கும் கஷாயம் ஊற்றுவாள், நினைவிருக்கிறதா? நல்லாயிருப்பவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவாள். உனக்கு இந்த நோய் வந்தபோதுதான் முதல்முறையாக எனக்கு எதுவும் தரவில்லை. தர அவளிடம் எதுவும் இல்லை.

திருமழபாடியில் உன்னைக் கொள்ளிடத்தில் கரைத்த அன்று அவள் ஆற்றைப் பார்த்து, “ரெண்டையும் ஒண்ணாத்தானே பெத்தேன், ஒண்ண மட்டும் எப்படி எடுத்துக்கிட்ட?” என்று கேட்டாள். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஒன்றை மட்டும் ஏன் விட்டாய் என்று விழுந்தது. அம்மா அப்படி நினைக்கக்கூடியவள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் விழுந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். செத்தவள் முகமே எழுந்து வந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வாய் வரும்?

போன தையில் அம்மா உனக்குப் பூவாடைக்காரிப் படையல் போட்டாள். வாழ்கிற வயதில் போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக நினைத்துப் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவதுதான். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நின்ற உனக்குப் படையல்! நீ இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாய். நீ இருந்திருந்தால் படையலே இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

வைத்த புடவையை வீட்டுப் பெண் உடுத்த வேண்டும் என்பது முறை. உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். அம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஒடம்பு எப்படிடி இருக்கு?” என்றாள்.

அவள் என்னைக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

“நல்லாயிருக்கேம்மா,” என்றேன்.

கற்பூரம் அணைந்த பிறகுதான் அவள் கண் திரும்பி வந்தது. அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் கை என் கழுத்துக்குப் போகும். தாலிக்கயிற்றைச் சரிசெய்வதுபோல் தடவிப் பார்ப்பாள். இந்தப் பட்டாணி வந்த பிறகு நான் அரியலூர்ப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

நீ படுத்திருந்தபோது ஒரு மத்தியானம் வெடிச் சத்தம் அடங்கியதும் நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா?

“மலரு, ஒன் பாஷையிலயே சொல்றேன் கேளு. மொதல்ல ஒலகம் பூரா வெங்காயம். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஒரு எதிர்வெங்காயம். ரெண்டும் தொட்டுக்கிட்டா ரெண்டுமே காலி, வெறும் வெளிச்சந்தான்.”

“அப்ப மண்டிய இழுத்து மூட வேண்டியதுதான்.”

“மூடியிருக்கணும். ஆனா நூறு கோடிக்கு ஒண்ணு, எதிர்வெங்காயத்துல கொறஞ்சு போச்சு. அப்படி ஜோடியில்லாம நின்ன வெங்காயந்தான் நீ, நானு, இந்த வூடு, சூரியன், எல்லாமே.”

“கொறஞ்சது எப்படி? யாரு எடுத்தா?”

“அதத்தான்டி படிச்ச காலத்துலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்.”

நீ சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது. ஜோடியில்லாமல் நின்றது என்ற பேச்சில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ கவனித்தாயா?

சரி, முந்தாநாளுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு லோடு ஏற்றுகிற நாள். தனியாகப் போகிறேன் என்று கிளம்பினேன். அம்மாவுக்கு யார் சொன்னார்களோ, பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். வழி முழுக்க என் கழுத்தைத் தொடவில்லை.

கவுன்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள், சொன்னேன். உன் வைத்தியத்துக்கு அலைந்தபோது எல்லாச் சீட்டிலும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “ஏற்கெனவே வந்திருக்கீங்களா? சரிம்மா, போட்டோ இருக்கு,” என்றாள். உன்னோடு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்து ஆமாம் என்றேன். டாக்டர் சீட்டில் இருந்த பெயரைப் பார்க்காமலே பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மணிக்கட்டில் மாட்டி உள்ளே அனுப்பிவிட்டாள். நீ செத்தது வீட்டில். அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஊசி போட்டு ஒரு சின்ன அறையில் படுக்க வைத்தார்கள். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, அசையக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்துக் கொடுக்கிற மருந்து அது, பசி அதிகமுள்ள இடத்துக்கு ஓடிப்போய் உட்காரும் என்று நீதான் சொல்லியிருந்தாய். அதிலிருந்து பாசிட்ரான் பிறக்கும். அது நம் எலக்ட்ரானுக்கு எதிர்ஜோடி. இரண்டும் சந்தித்த இடத்தில் இரண்டும் இல்லாமல் போகும், வெளிச்சத் துணுக்கு இரண்டு எதிரெதிர்ப் பக்கம் ஓடும். அதைப் பிடித்துத்தான் படம் வரைகிறார்கள். உனக்கு எடுத்த அன்று, “என் வேலை என் ஒடம்புக்குள்ளயே வந்துடுச்சு பாருடி,” என்று என் தோளில் இடித்தாய். நான் அந்த அறையில் தனியாகக் கிடந்தேன். என் உடம்புக்குள் ஓசையே இல்லாமல் ஜோடி ஜோடியாக அழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். பட்டையில் உன் பெயர் இருந்தது. தே. சுடர்க்கொடி.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அசையக் கூடாது என்று சொன்னார்களே என்று கிடந்தேன். அது சாக்கு. உண்மையில் எனக்கு உன் பெயரைக் கழற்ற மனம் வரவில்லை. அந்தப் பெயரை யாராவது சாதாரணமாகச் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பி கதவைத் திறந்து, “சுடர்க்கொடி, வாங்கம்மா,” என்றார். நான் எழுந்து போனேன். குழாய்க்குள் போகும்போது, “சுடர்க்கொடி, கண்ண மூடிக்குங்க, மூச்சு சாதாரணமா வுடுங்க,” என்றார். மூடிக்கொண்டேன். உனக்குப் பதில் நான் மூச்சு விட்டேன்.

எல்லாம் முடிந்து, படம் பார்க்கிற டாக்டரம்மா கூப்பிட்டார். சின்ன வயது, நல்ல பெண். கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“இடது பக்கம் பாருங்க, இது உங்க பழைய ஸ்கேன். எவ்ளோ பரவியிருந்திருக்கு! கழுத்து, நெஞ்சு, வயிறு, எல்லா எடத்துலயும். இப்ப வலது பக்கம் பாருங்க.”

இடது பக்கத்தில் நீ எரிந்துகொண்டிருந்தாய். வேறு எப்படிச் சொல்வது? வலது பக்கத்தில் நான். மூளையும் மூத்திரப்பையும் எல்லோருக்கும் ஒளிருமாம். அதை விட்டால் கழுத்தோரம் ஒரே ஒரு புள்ளி.

“மொத்தமா அடங்கியிருக்கு. இந்த ஒண்ணுதான் மிச்சம். எனக்கே சந்தோஷமா இருக்கும்மா. அறிக்கை எழுதி வைக்கிறேன், திங்கக்கெழம பெரிய டாக்டரப் பாத்துடுங்க. பெரும்பாலும் மூணு மாசம் கழிச்சு வந்து காட்டச் சொல்லுவாரு.”

ஒரு நிமிடம், சுடர், ஒரே ஒரு நிமிடம் நீ பிழைத்திருந்தாய். அந்த அறையில், அந்தக் கம்ப்யூட்டரில், அந்தப் பெண்ணின் சிரிப்பில் நீ நோயை ஜெயித்துவிட்டு நின்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வராந்தாவில் அம்மா நின்றிருந்தாள். டாக்டரம்மா அவளிடமும் போய், “ஒங்க பொண்ணுக்கு நல்லாயிடுச்சும்மா, பயப்படாதீங்க,” என்று சொல்லிவிட்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் எதுவும் தெரியாது. எனக்கு நோயே இல்லை என்றுதான் அவள் காதில் விழுந்தது. பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவதான்டி ஒன்னக் காப்பாத்துனா. நான் படையல் போட்டது வீண் போவல,” என்றாள். இன்று காலை மாவிளக்குப் போடத் திருமழபாடிக்குப் போயிருக்கிறாள். உனக்கு நன்றி சொல்லப் போயிருக்கிறாள்.

இப்போது நீ சொல். படத்தில் இருப்பது ஒரே புள்ளி. அது உன் உடம்பில் இருந்தால் மிச்சம், எல்லாம் அழிந்தபின் பாக்கி நின்றது. என் உடம்பில் இருந்தால் தொடக்கம். இடது பக்கம் யாருடைய படம் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நான் குணமானவள். உன்னை எடுத்துவிட்டால் நான் நோயாளி.

சொன்னால் என்ன நடக்கும்? உன் பெயருக்கு எதிரே இறந்துவிட்டார் என்று போடுவார்கள். நீ இரண்டாவது முறை சாவாய், இந்த முறை என் வாயால். அம்மா ஏற்றிய விளக்கை நானே ஊதி அணைத்ததாகும். இன்னொரு பிள்ளைக்கும் அதே இடத்தில் அதே பட்டாணி என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை, மூன்று மாதத்துக்கு. அந்தப் புள்ளிக்கு மூன்று மாதம் கிடைத்தால் என்ன செய்யும் என்பது இடது பக்கத்தில் படமாகவே இருக்கிறது.

பயமாயிருக்கிறது, சுடர். காய்ச்சல் இப்போதெல்லாம் சாயங்காலத்துக்குக் காத்திருப்பதில்லை. இதை எழுதும்போதே விரல் நுனி சுடுகிறது. நீ இந்தப் பயத்தை வெங்காயக் கதை சொல்லி மறைத்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. ஏன்டி என்னிடம் ஒரு தடவையாவது சொல்லவில்லை? நான் தாங்க மாட்டேன் என்றா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து உன் பின்னாலேயே வருவதுதான் நியாயம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பாதியில் நிறுத்திய பேச்சும் அதுதான், அம்மா கழுத்தைத் தடவிய பயமும் அதுதான். அந்தப் புள்ளியைப் பார்த்த அன்று அந்தக் குரல் எழுந்து நின்று சரிதான் என்று சொல்லும் என எதிர்பார்த்தேன். அது வாயே திறக்கவில்லை. எனக்கு உயிரோடு இருக்க ஆசையாக இருக்கிறது. நீ இல்லாத இந்த ஊரில், வெட்கமில்லாமல், ஆசையாக இருக்கிறது.

பொருள் ஏன் மிஞ்சியது என்று உங்கள் ஆட்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காமலே போகலாம். அதற்காக அது எங்கேயும் போய்விடவில்லை. காரணம் தெரியாமலே இத்தனை காலம் இருந்துகொண்டிருக்கிறது. நானும் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்த டாக்டரம்மாவிடம் அம்மாவை வைத்துக்கொண்டே சொல்வேன். இடது பக்கம் இருப்பது என் அக்கா, அவள் இப்போது இல்லை. வலது பக்கம் இருப்பவள் நான், எனக்குப் பழைய படமே கிடையாது, அந்தப் புள்ளி என்னவென்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இதைச் சொல்லாமல் வீடு திரும்ப மாட்டேன். உன் மேல் சத்தியம் என்று எழுத வந்தேன். வேண்டாம். என் மேல் சத்தியம்.

உன்னைவிட வயதாகிவிட்ட உன் தங்கை,
மலர்க்கொடி
பாடாலூர்